நோயிலிருந்து மீண்டவர்கள் கொடுக்க விரும்பினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 2017-இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்தது. 8 கீமோ, ஓர் அறுவை சிகிச்சை, 25 நாள் ரேடியேஷன். இப்போதும் செக்கப்புக்குப் போய் வரிசையில் உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் யாராவது, "பிழைச்சு வந்துட்டோம், ஏதாவது செய்யணும்போல இருக்கு, என்ன செய்யறது?" என்று கேட்டுவிடுகிறார். சென்னையில் எங்களைப் போன்ற சிலர் சேர்ந்து சிறு அளவில் உதவி செய்து வருகிறோம். எங்களிடம் திரும்பத் திரும்ப வந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ட்ரீட்மென்ட் முடிஞ்சு ஆறு மாசம்தான் ஆகுது. இப்பவே கொடுக்கலாமா, இல்ல அஞ்சு வருஷம் தாண்டணுமா?"

ஐந்தாண்டு என்பது நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்க மருத்துவர்கள் வைத்துக்கொண்ட அளவு. கொடுப்பதற்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை. கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை இழந்தவர். 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்த பிறகே ஓட்டத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அவர் பெயரிலான ஓட்டம் நம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடத்தப்பட்டு வருகிறது. முழுதாகக் குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆனால் பண விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். சிகிச்சைக்காக அடகு வைத்த நகையை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள். கைமாற்றாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹார்மோன் மாத்திரையை 5 முதல் 10 ஆண்டுகள் வரை தொடர வேண்டியிருக்கலாம். இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊரிலிருந்து வந்துபோகும் செலவு எல்லாம் இருக்கும். குறைந்தது இரண்டாண்டுச் செக்கப்புக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதற்கு மேல் மிஞ்சுவதிலிருந்து கொடுங்கள். தானம் செய்துவிட்டு அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

"உயிர் பிழைச்சா ஒரு லட்சம் தர்றேன்னு வேண்டிக்கிட்டேன். இப்ப அவ்வளவு முடியல. தெய்வக் குத்தமாகுமா?"

தெய்வக் குற்றத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எந்த வேண்டுதலிலும் தவணைக்குத் தடை சொல்லப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் எட்டரை ஆண்டுக்குள் ஒரு லட்சம் நிறைந்துவிடும். திட்டமிட்டுச் செலவு செய்ய வேண்டிய அறக்கட்டளைகளுக்கும் ஒரே தடவையில் வந்து நின்றுபோகும் பெருந்தொகையைவிட மாதாமாதம் வரும் சிறு தொகையே வசதி.

"எனக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொடுக்கணுமா?"

கட்டாயம் எதுவும் இல்லை. நன்றி தோன்றிய இடத்திலேயே அதைச் செலுத்த வேண்டும் என்று மனம் விரும்புவது இயல்புதான். ஆனால் லாப நோக்கில் நடக்கும் மருத்துவமனையில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றவர்கள், அந்த மருத்துவமனைக்கு ஏழை நோயாளிகளுக்கான தனி அறக்கட்டளை இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குக் கொடுப்பதே சரி. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டு, முறையான ரசீதோடு கொடுக்க வேண்டும். வார்டில் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள்.

கொடையாலேயே எழுந்த நிறுவனங்களும் நம்மிடம் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தை மனத்தில் சுமந்தபடி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பல ஆண்டுகள் பாடுபட்டு நிதி திரட்டி அதை உருவாக்கினார். 2005-இல் மகசேசே விருது பெற்ற டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாளையே அந்த நிலையத்துக்குக் கொடுத்தவர். அவர் 2021-இல் மறைந்தார். அவர்களில் எவரும் நோயிலிருந்து மீண்டு வந்தவர்கள் அல்லர் என்பதைச் செக்கப் வரிசையில் உட்கார்ந்தபடி நான் சில சமயம் நினைத்துக்கொள்வதுண்டு.

"முதலமைச்சர் காப்பீடு இருக்கே. அப்புறம் எதுக்கு நம்ம பணம்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தவறான புரிதலும் இதில்தான் அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அது பெரிய உதவி, ஐயமே இல்லை. ஆனால் அந்த அட்டையைக் காட்டிப் பேருந்தில் ஏற முடியாது, விடுதி வாடகை கட்ட முடியாது, கூட வந்திருக்கும் கணவருடைய நாள்கூலியைத் திரும்பப் பெறவும் முடியாது.

என்னோடு ரேடியேஷனுக்கு வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். எங்கள் பகுதியில் பலரும் சொல்வதுபோல் அவரும் அதைக் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் சொல்வார். மெஷினுக்குள் இருப்பது சில நிமிடங்கள். போய்வர ஒரு நாள் முழுக்கப் பேருந்து. எந்த இடத்தில் கதிர் பட வேண்டும் என்பதற்காக உடம்பில் மையால் கோடு போட்டிருப்பார்கள். அது அழியக் கூடாது. கூட்ட நெரிசலில் வியர்த்து அந்தக் கோடு கலைந்துவிடுமோ என்ற பயத்தில், சேலைத் தலைப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே அவர் நின்றுகொண்டு வருவார். 14-ஆவது நாளுக்குப் பிறகு வரவில்லை. சிகிச்சைக்கு அவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியிருக்கவில்லை. மீதமிருந்த 11 நாள்களுக்கு நகரத்தில் தங்க ஓர் இடமும் மூன்று வேளைச் சோறும் இருந்திருந்தால் முடித்திருப்பார். எங்கள் குழு இன்றுவரை பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் மட்டுமே பணம் கொடுப்பதற்குக் காரணம் அவர்தான்.

குழந்தைகளுக்காகக் கொடுக்க விரும்புவோர் இதையே செய்யும் செயின்ட் ஜூட் இல்லங்களைப் பார்க்கலாம். 2006-இல் மும்பையில் தொடங்கிய அந்த அமைப்பு, சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குழந்தைகளைப் பெற்றோரோடு இலவசமாகத் தங்க வைக்கிறது. சென்னையிலும் அதற்கு இல்லங்கள் உள்ளன.

"என்கிட்ட கொடுக்கக் காசே இல்ல. நான் என்ன செய்ய முடியும்?"

மேலே சொன்ன காப்பீட்டைப் பெற ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு அலைய வேண்டும். உங்களுக்கு அந்த வழி தெரியும். நேற்று பயாப்சி முடிவு வாங்கியவருக்குத் தெரியாது. ஒரு காலைப் பொழுது கூட நின்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அது பல ஆயிரம் ரூபாய்க்குச் சமம். அதேபோல, சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி ஆகிய வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகையும் உண்டு. மருத்துவமனையிலிருந்து அதற்குரிய படிவத்தில் சான்று வாங்கினால் போதும். இரண்டாண்டு முழுக் கட்டணம் கொடுத்துப் பயணம் செய்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

"குணமான நாள்ல வார்டுல எல்லாருக்கும் சாப்பாடு போடலாமா?"

நான் செய்த தவற்றையே சொல்கிறேன். சிகிச்சை முடிந்து ஓராண்டு நிறைந்த அன்று, 60 பொட்டலம் புளியோதரையும் ஜாங்கிரியும் வாங்கிக்கொண்டு கீமோ வார்டுக்குப் போனேன். கீமோவில் வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட எரிந்த நாள்களை ஓராண்டுக்குள் மறந்துவிட்டிருந்தேன். முகம் கோணக் கூடாதென்று ஒரு பாட்டி பொட்டலத்தை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். செவிலியர் என்னைத் தனியே அழைத்து, வெள்ளணு குறைந்தவர்களுக்கு வெளிச் சாப்பாடு தொற்றை உண்டாக்கலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அன்னதானம் செய்ய வேண்டுமென்றால் நோயாளிகளுக்குக் கூட இருப்பவர்களை நினையுங்கள். நாள் முழுக்க டீயும் பன்னுமாக ஓட்டுபவர்கள் அவர்கள்தான். மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்டுவிட்டு, அருகிலுள்ள மெஸ் ஒன்றில் டோக்கனுக்குப் பணம் கட்டிவிடலாம். எதைச் செய்வதற்கு முன்னும் சமூகப் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கீழே வரும் இன்னொரு பதிலிலும் இதையே சொல்லப்போகிறேன்.

"எனக்கு ஏத்தின ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க ஆசை. ரத்த தானம் பண்ணலாமா?"

கூடாது. இந்திய வழிகாட்டு நெறிகளின்படி, புற்றுநோய் வந்தவர்கள் குணமான பிறகும் ரத்த தானம் செய்வதிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டவர்கள். முகாமில் மறைத்துச் சொல்லிக் கொடுக்க முயல வேண்டாம். எனக்கும் இந்த விதி முதலில் வருத்தமாகத்தான் இருந்தது.

அதற்கு மாற்று உண்டு. கீமோவால் ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்தவர்களுக்கு ஏற்றப்படும் தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. அதனால் கொடையாளர்கள் ஓயாமல் தேவைப்படுகிறார்கள். ரத்த தானத்துக்கான வயது 18 முதல் 65 வரை. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். உங்கள் மகன், மருமகள், அலுவலக நண்பர்கள் ஆகியோரில் நால்வரை நிரந்தரக் கொடையாளர்களாக ஆக்கிவிடுங்கள்.

"முடி திரும்ப நல்லா வளர்ந்திருக்கு. பழனிக்கு நேர்ந்திருக்கேன், விக் செய்யவும் கொடுக்கணும். ரெண்டும் முடியுமா?"

ஒரே முடியை இரண்டு இடத்துக்கும் கொடுக்க முடியாது. பழனியில் இறக்கும் முடியைக் கோயில் நிர்வாகம் ஏலத்தில் விற்கிறது. அந்தப் பணம் கோயிலுக்குச் சேரும். விக் செய்யும் அமைப்புகள் குறைந்தபட்ச நீளம் ஒன்றை நிர்ணயித்திருக்கும். அது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முடியை அலசி, நன்றாக உலர்த்தி, பின்னலாகக் கட்டிய பிறகே வெட்ட வேண்டும். தரையில் விழுந்த முடி பயன்படாது. பழனிக்கு நேர்ந்ததை முதலில் செலுத்திவிட்டு அடுத்து வளர்வதை விக்குக்குக் கொடுங்கள் என்பதே என் யோசனை. ஒரு விக்குக்குப் பலருடைய முடி சேர வேண்டியிருப்பதால் உங்கள் மகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

"மிச்சம் இருக்கிற மாத்திரை, வீல்சேர், பை எல்லாம் யாருக்குக் கொடுக்கறது?"

மாத்திரையை நீங்களாக இன்னொரு நோயாளியிடம் கொடுக்கவே கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கும். பிரிக்காத, காலாவதி ஆகாத அட்டைகளை மருத்துவமனை வாங்கிக்கொள்ளுமா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அழிப்பதற்காக மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் பைகள் பிரிக்கப்படாமல் இருந்தால் தங்கத்துக்குச் சமம். விலை அதிகம், தினமும் தேவை. வீல்சேர், வாக்கர், ஏர் பெட் போன்றவற்றை ஒருவருக்கே கொடுத்துவிடாமல், வீட்டிலேயே இறுதிக்கால வலி நிவாரணம் அளிக்கும் அமைப்புகளிடம் கொடுத்தால் அவை கைமாறிக்கொண்டே இருக்கும். பழைய விக்கை அலசாமல் கொடுக்காதீர்கள்.

"80ஜி ரசீது இருந்தா முழுப் பணமும் வரியில கழியுமா?"

80ஜி என்பது நன்கொடைக்குச் சலுகை தரும் வருமான வரிப் பிரிவு. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குப் பாதிதான் கழியும். பழைய வரி முறையில் உள்ள ஒருவர், 6 லட்சம் வருமானத்தில் 20,000 ரூபாய் கொடுத்தால், 10,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டு, 20 விழுக்காட்டு வீதத்தில் 2,000 ரூபாயும் அதற்கான செஸ்ஸும் மிச்சமாகும். கணக்கில் சேரும் கொடைக்கும் உச்சவரம்பு உண்டு: சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. மேலே சொன்ன வீல்சேருக்கும் புளியோதரைக்கும் ரசீது கேட்டுப் பயனில்லை.

ரசீதோடு 10பிஇ என்ற சான்றிதழையும் அந்த நிறுவனம் தர வேண்டும். அது வருமான வரித் துறையின் தளத்திலிருந்து எடுக்கப்படுவது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

"வாட்ஸப்ல ஒரு குழந்தை படம் போட்டு ஜிபே நம்பர் வருது. அனுப்பலாமா?"

படத்தைப் பார்த்த உடனே அனுப்பாதீர்கள். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், மதிப்பீட்டுக் கடிதத்தின் தேதி என்ன என்று கேளுங்கள். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து அந்தப் பெயரில் சிகிச்சை நடக்கிறதா, நோயாளியின் கணக்கில் நேரடியாகக் கட்ட முடியுமா என்று விசாரியுங்கள். உண்மையானவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தனி நபருக்கு அனுப்பும் பணத்துக்கு முந்தைய பதிலில் சொன்ன வரிச் சலுகையும் இல்லை. குழந்தை மூன்றாண்டுக்கு முன்பே இறந்துவிட, படம் மட்டும் எண் மாறி மாறி உலவிக்கொண்டிருந்ததை எங்கள் குழுவில் ஒருவர் கண்டுபிடித்தார். அந்தத் தாயிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்ததுதான் கொடுமை.

"பையன் அமெரிக்காவுல இருக்கான். அவன் நேரா அனுப்பலாமா?"

அவரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்த வருமானத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதைப் பெறும் நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவு இருக்க வேண்டும். பணமும் அதற்கென்று டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். நல்லெண்ணத்தில் அவசரப்பட்டு உள்ளூர்க் கணக்குக்கு அனுப்பினால் அறக்கட்டளைதான் மாட்டிக்கொள்ளும்.

"எனக்கு கேன்சர் வந்தது சொந்தக்காரங்களுக்கே தெரியாது. பொண்ணுக்கு வரன் பார்க்கறோம். பேர் தெரியாம கொடுக்க முடியுமா?"

இதைக் கேட்டவர்கள் எல்லாருமே குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். பெயர் வெளியே தெரியாமல் கொடுக்கலாம். நிறுவனத்துக்கே தெரியாமல் கொடுப்பதுதான் சிக்கல். கோயில் உண்டியலில் யார் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அறக்கட்டளைகள் கொடுப்பவரின் பெயரையும் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும். பெயரில்லாத கொடைகள் ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்தக் கொடையில் 5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு அறக்கட்டளை மீது 30 விழுக்காடு வரி விழும். ஆகவே பெயரைக் கொடுத்துவிட்டு, "ஆண்டறிக்கையிலோ பலகையிலோ போட வேண்டாம்" என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் நோயாளியாக இருந்ததை ரசீதில் எழுத வேண்டிய தேவையே இல்லை. வெறும் நன்கொடையாளர் என்றால் போதும்.

"கட்டிலுக்கு மேல அம்மா பேர் போடணும்னா எவ்வளவு கொடுக்கணும்?"

ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தொகை வைத்திருக்கும். அந்தத் தொகை செலவாகிப்போகுமா, மூலநிதியாக வங்கியில் இருந்து வட்டி மட்டும் செலவாகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 லட்சம் ரூபாயை 7 விழுக்காட்டில் வைத்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் வரும். விலைவாசி ஏற ஏற அதன் வலு குறையும். பெயர்ப் பலகையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். வார்டில் தூக்கம் வராத இரவுகளில் என் கட்டிலுக்கு மேலிருந்த பெயரைத்தான் எத்தனையோ முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"உயில்ல எழுதி வைக்கலாமா? கண் தானமும் அதுலயே எழுதிடலாமா?"

பணத்தை எழுதலாம். சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது பின்னால் வழக்கைத் தவிர்க்கும். நிறுவனத்தின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதுங்கள். முஸ்லிம்கள், வாரிசுகளின் சம்மதமில்லாமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது.

கண்ணை உயிலில் எழுதிப் பயனில்லை. உயிலைப் பிரிப்பது காரியம் முடிந்த பிறகு. கண்ணை எடுக்க வேண்டியதோ 6 மணி நேரத்துக்குள். வீட்டாரிடம் வாயால் சொல்லி வையுங்கள். ரத்தத்தைப் போல் இதில் முழுத் தடை இல்லை. ரத்தப் புற்றுநோய், கண்ணில் வந்த புற்றுநோய் போன்றவை இருந்தவர்களின் கண்ணை எடுக்க மாட்டார்கள். மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் நோய் வந்தவர்களின் கருவிழியைப் பெரும்பாலும் ஏற்பார்கள். முடிவு கண் வங்கியினுடையது.

"ஒருத்தருக்கு உதவி பண்ணினேன். அவர் இறந்துட்டார். கொடுத்தது வீணாப் போச்சோன்னு இருக்கு."

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. நாங்கள் பயணச் செலவு கொடுத்து வந்த ஓர் ஆசிரியர், 19 வாரம் தவறாமல் வந்து, கடைசியில் பிழைக்கவில்லை. அவர் மனைவி மிச்சமிருந்த 640 ரூபாயை ஒரு உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதற்குமுன் வந்த பேருந்துச் சீட்டுகள் அனைத்தும் ரப்பர் பேண்ட் போட்டு அந்த உறைக்குள் இருந்தன. பணம் போனது நோயை எதிர்க்க அவருக்குக் கிடைத்த வாய்ப்புக்காக. அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

ஆனால் ஒரே நோயாளியோடு தனியாக உங்களைப் பிணைத்துக்கொள்வது நோயிலிருந்து மீண்டவர்களுக்குக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய ஸ்கேன் முடிவுக்காக நீங்கள் தூக்கமில்லாமல் கிடப்பீர்கள். ஓராண்டாவது ஒரு குழுவின் வழியாகக் கொடுத்துப் பழகிய பிறகு நேரடியாகச் செய்யுங்கள்.

"கொடுத்துக்கிட்டே இருக்கும்போது எனக்கே திரும்ப வந்துட்டா? கொடுத்ததைக் கேட்க முடியுமா?"

கொடுத்த நன்கொடையைச் சட்டப்படி திரும்பக் கேட்க முடியாது. முதல் பதிலில் இரண்டாண்டுப் பணத்தை ஒதுக்கச் சொன்னது இதை நினைத்துத்தான். மாதத் தவணையை வங்கியில் நிறுத்திவிடலாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உதவியைக் கேட்கலாம். மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்த ஓர் அக்காவுக்கு நான்காம் ஆண்டில் எலும்பில் நோய் தெரிந்தது. எங்களிடம் கேட்கக் கூசிக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார். விஷயம் தெரிந்து போய்ப் பார்த்தபோது, தம் பழைய ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்கு மேல் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாங்கள் ரசீதுகளை வாங்கி மடித்து அவர் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, மற்ற எல்லாருக்கும் நிரப்புகிற அதே மனுவை அவருக்கும் நிரப்பினோம். தொழில் என்ற கட்டத்தில் தையல் என்று எழுதச் சொன்னார்.